மே லீவுக்குத் தீவுக்குப் படகு ஏறப் போறீங்களா? காட்டூரிலிருந்து கிளம்பும் முன் ஒரு கடல் கணக்கு

முழுப் பரீட்சை முடிந்த அன்று மாலையே திருச்சி காட்டூர்ப் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கேள்வி வந்து விழுந்துவிடும்: "லீவுக்கு எங்க போறோம்?" ஊட்டியா, கொடைக்கானலா என்று அத்தைமார் பேசிக்கொண்டிருக்கும்போதே காலேஜ் படிக்கும் பையன் ஒரு ரீல்ஸைத் தட்டிவிடுவான். பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி மாதிரி தண்ணீர், நடுவில் வெள்ளை மணல் திட்டு, ஓரமாக ஒரு படகு. கீழே, 'மாலத்தீவு இல்லீங்க, நம்ம ராமநாதபுரம்' என்று எழுதியிருக்கும்.

அடுத்த அரை மணி நேரத்தில் சித்தப்பா திட்டத்தையே போட்டு முடித்திருப்பார். "ராத்திரி வேன் ஏறினா விடியக்காலைல ராமேஸ்வரம். காலைல தீவு, மத்தியானம் கோயில், நைட்டு வீடு."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரீல்ஸில் தெரியும் தீவில் கால் வைக்க அனுமதி உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை. ரீல்ஸ் எடுத்த மாதம் எது என்றும் பார்ப்பதில்லை. ஏறப்போகும் படகு எதற்காகப் பதிவான படகு என்பதை, அதில் ஏறி உட்கார்ந்த பிறகும் பெரும்பாலானோர் கேட்பதில்லை. தீவுப் பயணம் இனிமையாக முடிவதும் செய்தியாக முடிவதும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

(திருச்சிக்காரர்களுக்குத் தீவு ஒன்றும் புதிதல்ல. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, கல்லணை வரை இரு பக்கமும் ஓட, நடுவில் கிடக்கும் ஸ்ரீரங்கம் முழுத் தீவுதான். பாலத்தில் டவுன் பஸ்ஸில் தாண்டிவிடுவதால் யாருக்கும் அது உறைப்பதில்லை.)

21 தீவுகள்: எதில் இறங்கலாம்?

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டி 21 தீவுகள் சங்கிலிபோல் கிடக்கின்றன. மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. குருசடை, சிங்கில், மனோலி, முயல் தீவு, அப்பா, தலையாரி, வாலை, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவார், வான் என்று பெயர்களைப் படித்தாலே போகத் தோன்றும். இவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி அருகே உள்ள கரியாச்சல்லியும் அதே வழியில் போய்விடாமல் இருக்க, செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலடியில் இறக்கி அலையின் வேகத்தைக் குறைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கையில் எடுத்திருக்கிறது.

இந்த 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாக் கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதாவது, சட்டப்படி முதுமலைக் காட்டின் உள்பகுதி எப்படியோ அப்படித்தான் இதுவும். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடலில் வேலி இல்லை, போர்டு இல்லை, அதனால் தெரிவதில்லை. "சும்மா அஞ்சு நிமிஷம் இறங்கி போட்டோ எடுத்துட்டு வந்துடலாம் சார்" என்று யாராவது சொன்னால், டிக்கெட் இல்லாமல் புலிகள் காப்பகத்துக்குள் பைக்கை விடச் சொல்வதற்குச் சமம்.

முறையாகப் போகக்கூடிய முக்கிய இடம் குருசடைத் தீவு. பாம்பனை அடுத்த குந்துகாலில் இருந்து வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு போகிறது. சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இந்திய மண்ணில் காலடி வைத்தது இந்தக் குந்துகாலில்தான். நினைவு மண்டபம் கரையிலேயே இருக்கிறது. குருசடை பார்ப்பதற்குச் சின்னது என்றாலும் கடல் உயிரியல் படித்தவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே இந்த ஒரு தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட உயிரினம் என்று விலங்கியல் பாடப் புத்தகத்தில் வரும் பலனோகிளாசஸ் புழு இங்கே கிடைப்பதால், பல தலைமுறை மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பும் கையுமாக வந்து போன இடம் இது.

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே பிச்சை மூப்பன் வலசையில் உள்ளூர் மக்களைக் கொண்டு நடத்தப்படும் படகுச் சவாரியும் உண்டு. ரீல்ஸில் வரும் அந்த வெள்ளை மணல் திட்டு பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் எடுத்ததாக இருக்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 'முயல் தீவு' என்று தேடினால் இரண்டு வரும். மண்டபம் பக்கத்து முயல் தீவு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக்குச் சாலையே உண்டு. காணும் பொங்கலுக்குக் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்கு வழி கேட்டால் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டியதுதான்.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி?

பவளப்பாறைகள் கல் இல்லை, உயிர். மன்னார் வளைகுடாவில் கோடைக்காலத்தில் தண்ணீரின் வெப்பம் ஏறும்போது, பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளியேறி அது வெளுத்துப்போகும். 2010, 2016 கோடைகளில் இங்கே அப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. வெப்பம் தணிந்தால் ஒரு பகுதி மீளும், மீளாதது செத்துவிடும். ஏப்ரல், மே, ஜூன் என்பது பவளத்துக்கு ஏற்கெனவே காய்ச்சல் அடிக்கும் காலம். அந்த நேரத்தில் நங்கூரம் விழுந்தாலோ, ஆழமில்லாத இடத்தில் நாலு பேர் மிதித்து நின்றாலோ அது தாங்காது.

இன்னொரு காரணம் பணம் சம்பந்தப்பட்டது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக இங்கே பவளத்தை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினார்கள். 2001இல் பவளங்கள் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. கடல் அட்டையும் அப்படியே. முதல் அட்டவணை என்றால் புலி, யானை இருக்கும் பட்டியல். கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளத் துண்டைக் குழந்தை ஆசையாக எடுத்து பேக்கில் போட்டாலும் சோதனையில் மாட்டினால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள பிரிவு அது. சங்கு, சிப்பி வேண்டுமென்றால் ராமேசுவரம் கோயில் கடைத் தெருவில் பில்லோடு வாங்குவது நிம்மதி.

ஆண் கடல், பெண் கடல்

இப்போது மாதக் கணக்கு. தீவுக்குப் போக ஆசைப்படும் முக்கால்வாசிப் பேர் தவறவிடும் விஷயம் இது.

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். சாலையின் ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கும். இன்னொரு பக்கம் அலை வந்து மோதும். ஆட்டோக்காரரைக் கேட்டால் "இது பெண் கடல், அது ஆண் கடல்" என்பார். வடக்கே இருக்கும் பாக் விரிகுடா பெண் கடல். ஆழமும் குறைவு, பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா ஆண் கடல். இந்தியப் பெருங்கடலுக்கு நேராகத் திறந்து கிடப்பது.

ஆனால் இந்தப் பெயர் வருஷம் முழுக்கப் பொருந்தாது. மே மாத நடுவிலிருந்து கடலோரத்தில் 'கச்சான்' என்று சொல்லும் மேற்கு, தென்மேற்குக் காற்று பிடிக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1 என்றாலும், காற்று அதற்கு முன்பே தலைகாட்டிவிடும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனைக்கும் இலங்கைக்கும் நடுவே நெருங்கிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் வேகம் எடுக்கிறது. அந்த மாதங்களில் தென் பக்கம் கொந்தளிக்கும், வட பக்கம் அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று வரும்போது கதை தலைகீழ். பாக் விரிகுடா சீறும், மன்னார் வளைகுடா ஓரளவு சாதுவாகும்.

தீவுகள் 21ம் எந்தப் பக்கம் இருக்கின்றன? தென் பக்கம். பள்ளிக்கூட லீவு எப்போது? மே மாதம். அதாவது, குடும்பத்தோடு கிளம்பத் தோதான மாதமும் தீவுப் பக்கத்துக் கடல் முரண்டு பிடிக்கத் தொடங்கும் மாதமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ரீல்ஸில் கண்ணாடியாகத் தெரிந்த தண்ணீர் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் காலைகளில் எடுத்தது. அதே இடத்துக்கு மே கடைசியில் மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் வேறு கடல்.

மே மாதத்திலும் நல்ல நாள் உண்டுதான். முதல் பாதி, அதுவும் விடிந்ததிலிருந்து பத்து மணிக்குள், பல நாள் அமைதியாகவே இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடலிலிருந்து காற்று இழுக்கத் தொடங்கும். மத்தியானத்துக்கு மேல் அலை எழும்பும். குருசடைக்குப் போவதென்றால் முதல் படகைப் பிடிப்பதுதான் புத்தி. காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதற்காகக் கவுன்டரில் சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள். "இருநூறு கிலோமீட்டர் வந்திருக்கோம் சார், ஒரு ரவுண்டு மட்டும்" என்ற கெஞ்சலுக்கு இணங்காதவர்தான் அன்றைக்கு நல்லவர்.

வட பக்கம் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டும் போக முடியாது. மே, ஜூனில் அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் அலையே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் காற்றடைத்த ரப்பர் வளையம், துடுப்புப் படகு போன்றவற்றை அது சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பத் துடுப்புப் போடும்போதுதான் தெரியும், வந்த தூரம் எவ்வளவு என்று.

காற்றே இல்லாத நாளில் வரும் அலை

கோடைக் கடலில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதன் பெயர் 'கள்ளக்கடல்'. கேரளக் கரையோர மக்கள் வைத்த பெயர்; இன்று வானிலை அறிவிப்புகளிலேயே இப்படித்தான் வருகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிக்கும் புயற்காற்று கிளப்பும் நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக, காற்று இல்லாமல் இருக்கும். கடல் திடீரென்று ஏறி வந்து இழுத்துக்கொண்டு போகும். திருடன் மாதிரி வருவதால் கள்ளக்கடல்.

திருச்சிக்கு இது வெறும் செய்தி அல்ல. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி இறந்த 5 பேரும் திருச்சி அருகேயுள்ள தனியார் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது.

ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் தினமும் அலை உயரம், நீரோட்டம், கள்ளக்கடல் எச்சரிக்கை ஆகியவற்றை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தனியாக எச்சரிக்கை கொடுக்கிறது. செய்தியின் கடைசி வரியில் வருவதால் திருச்சியில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். கிளம்பும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் அந்த வரியில் 'மன்னார் வளைகுடா' என்றோ 'குமரிக்கடல்' என்றோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இருந்தால் படகு ஏறும் பேச்சே வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை.

கரையில் நிற்கும் படகு ஏன் கூப்பிடுகிறது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 ஆனது. இந்த இரண்டு மாதத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் ரூ.8,000. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு நூற்று முப்பது ரூபாய் சொச்சம்.

எனவே, லீவு கூட்டம் வரும் அதே நேரத்தில் விசைப்படகுகள் சும்மா நிற்கின்றன. தடை இல்லாத நாட்டுப்படகுகள், வள்ளங்கள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். "ஆளுக்கு ஐந்நூறு குடுங்க அண்ணே, தீவைச் சுத்திக் காட்டிட்டு வந்துடறேன்" என்று ஒருவர் கூப்பிட்டால், அவர் மோசக்காரர் என்று நினைக்க வேண்டியதில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான். கடலை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கரையில் இருக்கவும் மாட்டார். சிக்கல் அவரிடம் இல்லை, படகில் இருக்கிறது.

மீன்பிடிப் படகு மீனை ஏற்றுவதற்காகச் செய்தது. பாரம் அடியில் கிடக்கும். ஐஸும் மீனும் வலையும் கீழே அழுத்த அழுத்தப் படகு நிலையாக நிற்கும். அதே படகில் இருபது பேரை மேலே ஏற்றி நிறுத்தினால் பாரம் முழுக்க உச்சிக்குப் போய்விடுகிறது. உட்காரப் பலகை இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. வலது பக்கம் யாரோ "டால்பின்!" என்று கத்தியதும் இருபது பேரும் போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் சாய்ந்தால், அதன் பிறகு படகோட்டியின் முப்பது வருட அனுபவத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்ததில் இந்தக் கணக்கும் ஒரு பங்கு. அது மீன்பிடிப் படகுகூட அல்ல, அரசு சுற்றுலாக் கழகம் இயக்கிய இரண்டடுக்குப் படகு. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் கூடியபோது சாய்ந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகு ஏறியவர்களில் 22 பேர் திரும்பவில்லை. 2014 குடியரசு தினத்தன்று அந்தமானில் போர்ட் பிளேர் அருகே கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 21 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள், படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். 2023 மே 7, கேரளத்தின் தானூர்: மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு, 37 பேர் பயணம், 22 பேர் மரணம். அன்று ஞாயிற்றுக்கிழமை, லீவு காலம், இருட்டப்போகும் நேரம்.

ஊர் வேறு, நீர் வேறு. ஆனால் அளவுக்கு மேல் ஆள், ஒரு பக்கச் சாய்வு, பயணிகளுக்காகச் செய்யாத படகு ஆகிய மூன்றும் இந்த விபத்துகளில் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன.

மீன்பிடிக்கப் பதிவான படகு பயணிகளை ஏற்றிச் சென்று ஏதாவது ஆகிவிட்டால், இழப்பீடு கேட்கும் இடத்திலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, ராமேசுவரத்துக்கு அந்தப் பக்கம் சர்வதேசக் கடல் எல்லை கூப்பிடு தூரம். கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வருஷத்தில் ஒரு முறை, முன்பதிவு செய்தவர்களை மட்டும், அதிகாரிகள் சோதித்து அனுப்புகிறார்கள். மற்ற நாளில் "கச்சத்தீவைத் தூரத்துல இருந்து காட்டுறேன்" என்று யாரும் கூட்டிப்போக முடியாது.

அப்ப மே மாதம் எங்கதான் போறது?

காட்டூரிலிருந்து பார்த்தால் பதில் ராமேசுவரத்தைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

தஞ்சாவூர் ரோட்டில் வண்டியை விட்டு, தஞ்சை, மன்னார்குடி வழியாகப் போனால் சுமார் 120 கிலோமீட்டரில் முத்துப்பேட்டை. காவிரி டெல்டாவின் தெற்கு ஓரம், பாமணியாறும் கோரையாறும் கடலோடு கலக்கும் காயல். அம்மா மண்டபத்தில் நாம் கால் நனைக்கும் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போய் முடியும் இடங்களில் ஒன்று. ஜாம்புவானோடையில் இருந்து வனத்துறை வழியாகப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். தீவு என்று சொல்லும்படி மரத் திட்டுகள் உண்டு, அலை கிடையாது. வெயில் மட்டும் கொளுத்தும், கோடையில் தண்ணீர் வற்றலாகவும் இருக்கும். வனத்துறையிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது அவசியம். நேராகப் போய் நின்றால் படகு இருக்கும் என்று சொல்ல முடியாது.

கொஞ்சம் தள்ளி, தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. இதுவும் அலையாத்திக் காடு, இதுவும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து நடத்துவது. பாக் விரிகுடாப் பக்கம் என்பதால் மே மாதத்துக்குத் தோது. கடற்பசு மேயும் கடற்புல் படுகைகள் இந்த விரிகுடாவில்தான் அதிகம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. கடற்பசுவைப் பார்த்துவிடலாம் என்று குழந்தைகளிடம் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். அது கூச்ச சுபாவி.

பாஸ்போர்ட் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல். அங்கிருந்து யாழ்ப்பாணம், பிறகு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் நயினாதீவு, நெடுந்தீவு. நெடுந்தீவில் பவளக்கல் மதில்களும் காட்டுக் குதிரைகளும் இருக்கின்றன. ஊர் மக்கள் அன்றாடம் போய்வரும் படகுத்துறை என்பதால் தீவுக்குப் போகிறோம் என்ற உணர்வே வேறு மாதிரி இருக்கும். ஆனால் இது ஒரு நாள் பயணம் இல்லை. கப்பல் ஓடும் நாள், விசா விதி இரண்டையும் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி தேவை, மே கடைசியில் கடலும் சரியிருக்காது. அதை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

குருசடைதான் வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றால், இந்த வருஷம் அரையாண்டு லீவிலோ பொங்கலுக்குப் பிறகு வரும் சனி ஞாயிறிலோ வைத்துக்கொள்வது மேல். மே மாதமே போவதென்றால், முதல் வாரத்தில், ஓர் இரவு தங்கும் கணக்கோடு. திருச்சி ஜங்ஷனில் காலை கிளம்பும் ராமேசுவரம் எக்ஸ்பிரஸ் மத்தியானம்தான் போய்ச் சேரும். 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள் போகிறது, அந்தப் பாலத்தைத் தாண்டுவதே குழந்தைகளுக்குப் பாதிப் பயணம். அன்று கோயில், மறுநாள் விடிகாலை முதல் படகு. பஸ் என்றால் பஞ்சப்பூர் முனையம் போய் ஏறலாம்.

சித்தப்பாவின் ராத்திரி வேன் திட்டத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவரே மறுநாள் ராத்திரியும் ஓட்டித் திரும்ப வேண்டும். கடலில் போவது ஒரு மணி நேரம், ரோட்டில் போவது போக வர பத்து மணி நேரம். கவலைப்பட வேண்டிய இடம் எது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஏறுவதற்கு முன்

படகுத்துறையில் கேட்க வேண்டியது அதிகமில்லை. எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேர் ஏறியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆள் அதிகம் என்றால், குடும்பத்தில் யார் முறைத்தாலும் இறங்கிவிட வேண்டும். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேட்டால் 'இருக்கு' என்பார்கள். இருப்பது வேறு, கட்டுவது வேறு. "வேர்க்குதுன்னு கழட்டி மடியில வெச்சுக்கிட்டேன்" என்பதற்கு ஜாக்கெட் இல்லாமலே போகலாம். குழந்தைகளுக்குப் பெரியவர் அளவு ஜாக்கெட்டை மாட்டி, பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால் தெரியும். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது தண்ணீரில் கழன்றுவிடும்.

பாட்டியை அழைத்துப் போகும்போது, படகில் ஏறி இறங்கும் படி எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பல இடங்களில் அலையோடு ஆடும் படகுக்கும் அசையாத மேடைக்கும் நடுவே ஓர் எட்டு வைக்க வேண்டியிருக்கும். இடுப்பு ஒடிவது அங்கேதான். தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் மாத்திரையைப் படகு ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு. வெறும் வயிறும் கூடாது, பொங்கல் வடை ஃபுல் கட்டும் கூடாது. இரண்டு இட்லி சரி.

கடலில் ஏதாவது என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. சிக்னல் இருக்கும்போதே, கரையிலேயே, இரண்டையும் போனில் ஏற்றிக்கொள்ளலாம். எந்தப் படகில், எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று காட்டூரில் வீட்டோடு இருக்கும் ஒருவருக்கு ஒரு மெசேஜ்.

காற்று அதிகம், இன்றைக்குப் படகு இல்லை என்று குந்துகாலில் சொல்லிவிட்டால்? டிக்கெட் பணத்தை எப்படித் திருப்பித் தருவார்கள் என்பதை முன்பதிவின்போதே கேட்டு வைத்திருந்தால் அங்கே சத்தம் போட வேண்டியிருக்காது. விவேகானந்தர் மண்டபத்தின் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எதிரே குருசடை தெரியும். வட பக்கம் அரியமான் கடற்கரை அரை மணி நேரத் தூரம்தான், அந்தப் பக்கம் அன்றைக்கு அலை இருக்காது. அப்துல் கலாம் நினைவிடம் போகும் வழியிலேயே, பேக்கரும்பில். ராமேசுவரத்திலிருந்து திருச்சி ரயில் மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்பும், நேரம் இருக்கிறது.